சைமா ஏரியின் கடல்நாயும் அதைச் சூழ்ந்த காடும்

கேள்வி இது: பின்லாந்தில் ஓர் ஏரிக்குள் கடல்நாய் வாழ்கிறதாம், அதற்காக மக்கள் குளிர்காலத்தில் பனியை அள்ளிக் குவிக்கிறார்களாம், கோடையில் மீன்வலை போடவும் தடையாம். உண்மையா? ஐநூறு விலங்குகளுக்காக இவ்வளவு செய்ய வேண்டுமா? சுற்றியுள்ள காட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

எல்லாமே உண்மைதான். வலைத் தடை மட்டும் கோடை முழுவதற்கும் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன். அந்த ஏரியின் பெயர் சைமா. அதன் கரையிலுள்ள ஒரு சிற்றூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். பனியை அள்ளிக் குவித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

ஏரி என்றதும் நம் மனத்தில் வருவது ஒரு கரை, ஒரு மதகு, நடுவே விரிந்து கிடக்கும் நீர். சைமாவை அப்படி நினைத்துக்கொண்டு வந்தால் ஏரியையே கண்டுபிடிக்க முடியாது. சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் பரப்பு, பின்லாந்திலேயே பெரியது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 13,700 தீவுகள் இருக்கின்றன. படகில் எந்தப் பக்கம் போனாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு கரையும் அதில் பைன் மரங்களும் எதிரே வந்து நிற்கும். பெரிய நீர்ப்பரப்பு ஒரு குறுகிய சந்துக்குள் நுழையும், அந்தச் சந்து அடுத்த நீர்ப்பரப்பில் போய்த் திறக்கும். தீவுகளின் கரைகளையும் சேர்த்து அளந்தால் கரையின் மொத்த நீளம் 15,000 கிலோமீட்டரை நெருங்கும். கடல்நாய் பிறப்பதும், தோல் உரிப்பதும், பல நேரம் சாவதும் இந்தக் கரையை ஒட்டித்தான். இந்த ஏரியைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் பரப்பை விட்டுவிட்டுக் கரையின் நீளத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் வாழ வேண்டியது இங்கே எப்படி வந்தது? இந்த நிலம் முழுவதும் பனிக்காலத்தில் மிகத் தடித்த பனிப்பாளத்தின் கீழ் அழுந்திக் கிடந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகி வடக்கே பின்வாங்கியபோது தாழ்ந்திருந்த நிலத்துக்குள் நீர் புகுந்தது. அந்த நீரோடு வளையக் கடல்நாய்களும் வந்தன. பாரம் இறங்கிய நிலம் பிறகு மெல்ல மேலே எழுந்தது. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் கடலோடு இருந்த தொடர்பு அறுந்து சைமா தனி ஏரியானது. உள்ளே வந்தவை உள்ளேயே தங்கிவிட்டன. கடல்நாய் மட்டுமல்ல, கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வளரும் ஒரு சால்மன், நான்கு கொம்பு போன்ற புடைப்புகள் தலையில் கொண்ட ஓர் அடித்தள மீன், இறால் இனத்தைச் சேர்ந்த சில சிற்றுயிர்கள் எல்லாம் அதே கதையின் மிச்சங்கள்.

நிலம் இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழுந்துகொண்டேதான் இருக்கிறது. வடமேற்கில் வேகம் அதிகம், தென்கிழக்கில் குறைவு. ஒரு பக்கம் தூக்கிய தாம்பாளத்தில் நீர் மறுபக்கம் ஒதுங்குமல்லவா, அப்படிச் சைமாவின் நீர் தெற்கே சேர்ந்து சேர்ந்து, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் சல்பவுசெல்கா என்ற நீண்ட மணல் மேட்டை உடைத்துக்கொண்டு இமாத்ரா அருகே வெளியேறியது. அப்படிப் பிறந்த வுவோக்சி ஆறு இன்றும் ரஷ்யாவின் லடோகா ஏரிக்குப் போகிறது. ஆறு பிறந்த பிறகு ஏரியின் மட்டம் தாழ்ந்தது. அஸ்துவன்சல்மி என்ற இடத்தில் நீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறையில் கடமான்களையும் மனிதர்களையும் செம்மண் நிறத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள் கற்கால மனிதர்கள். அந்த ஓவியங்கள் இன்று நீர்மட்டத்துக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் இருக்கின்றன; அவை வரையப்பட்ட நாளில் ஏரி அந்த அளவு உயர்ந்து நின்றது. அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. அந்த ஓவியரின் காலத்திலேயே இந்தக் கடல்நாய் இங்கே பழங்குடிதான்.

இனி அந்த விலங்கு. பின்னிஷ் மொழியில் அதன் பெயர் நோர்ப்பா. நன்கு வளர்ந்தது ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும். எடை பருவத்தைப் பொறுத்து ஐம்பது கிலோவிலிருந்து தொண்ணூறு வரை. கருஞ்சாம்பல் முதுகில் வெளிர் வளையங்கள். நம் கைரேகை போல அந்த வளையங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒளிப்படத்தை வைத்தே ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். உணவு பெரும்பாலும் விரல் நீளத்திலிருந்து சாண் நீளத்துக்குள் அடங்கும் மீன்கள். மீனவரின் சந்தை மீனைத் தின்று தீர்க்கிறது என்ற பழைய குற்றச்சாட்டு நிற்காது. அந்தக் குற்றச்சாட்டின் பேரில்தான் 1882 முதல் 1948 வரை ஒவ்வொரு கடல்நாயைக் கொன்றதற்கும் அரசே பரிசுப்பணம் கொடுத்தது. 1955இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஆனாலும் 1980களில் எண்ணிக்கை நூற்றைம்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகும் ஏன் குறைந்தது?

காகித ஆலைகளிலிருந்து வந்த பாதரசம் ஒரு காரணம். மின்சாரத்துக்காக ஏரியின் மட்டத்தைக் குளிர்காலத்தில் இறக்கியது இன்னொன்று. மட்டம் தாழ்ந்தால் கரையோரப் பனிக்கட்டி தொங்கி உடையும், அதன்மேல் இருக்கும் பனிக்குகையும் சரியும். ஆனால் இவற்றையெல்லாம்விட நீண்ட காலம் உயிர் குடித்தது வலை. எப்படி என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் காட்டினார். அவருடைய வலைக்கொட்டகையில் மர முளைகளில் இரண்டு வலைகள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒன்று அவருடைய அப்பா காலத்துப் பருத்தி நூல் வலை, பழுப்பேறிப் போனது. அதன் ஒரு கண்ணில் என் இரண்டு விரல்களை விட்டு இழுக்கச் சொன்னார். நூல் பொட்டென்று அறுந்தது. அடுத்ததில் அதையே செய்தேன். நைலான் நூல் விரலில் பதிந்து தோலை வெட்டியது, அறுகவே இல்லை. பருத்தி வலையில் சிக்கிய குட்டி திமிறினால் கிழித்துக்கொண்டு போய்விடும். நைலான் வலையில் சிக்கினால் மூச்சு விட மேலே வர வழியில்லை. தாய்ப்பால் மறந்து தானாக நீந்தப் பழகும் குட்டிக்கு எதைப் பார்த்தாலும் மூக்கை நுழைத்துப் பார்க்கும் வயது. வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும், மீனைச் செவுளில் சிக்கவைக்கும் செவுள் வலைகளில் செத்தவை பெரும்பாலும் அந்த வயதுக் குட்டிகள்தான்.

ஆகவே தடை அந்தப் பருவத்தைக் குறிவைக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை, கடல்நாய் வாழும் பகுதிகளில் செவுள் வலை கூடாது. ஆண்டு முழுவதுமான தடை அல்ல. ஏரி முழுவதுக்குமான தடையும் அல்ல. தூண்டில் போடலாம், தடை முடிந்த பிறகு வலையும் வீசலாம். குட்டியின் தலை நுழையாதபடி வாயைக் குறுக்கிய பொறிவலைகளையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே நீர்ப்பரப்பில் பெரும்பகுதி கரை நிலம் வைத்திருக்கும் கிராமத்துப் பங்காளிகளின் கூட்டுச் சொத்து. அரசு முதலில் அவர்களோடு ஒவ்வோர் ஊராக ஒப்பந்தம் போட்டு, இழப்புக்கு ஈடு கொடுத்து, வலையை நிறுத்தச் சொல்லிக் கேட்டது. அந்த வேகம் போதவில்லை. 2010இல் ஐரோப்பிய ஆணையம் பின்லாந்தை எச்சரித்தது. 2011இல் ஆணை பிறந்தது. ஊருக்குள் அன்று நடந்த சண்டையை நான் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக மே மாதத்தில் வலை இறக்கியவர்களிடம் 'நிறுத்து' என்றால் கோபம் வராமல் இருக்குமா? அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நிறுத்தினார்கள். 2025க்குள் 400 என்று இலக்கு வைத்திருந்தார்கள்; அதை முன்கூட்டியே கடந்து இன்று எண்ணிக்கை ஐநூறைச் சுற்றி நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் நூறு குட்டிகள் பிறக்கின்றன.

அடுத்தது பனி. நோர்ப்பாவின் குட்டி பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, கடுங்குளிரில் பிறக்கிறது. பிறக்கும்போது ஐந்து கிலோவுக்கும் குறைவு. காற்று அடித்துக்கொண்டு வரும் பனி சிறு தீவுகளின் கரையோரத்தில் திட்டாகச் சேரும். அந்தத் திட்டுக்கு நேர் கீழே, பனிக்கட்டியில், தாய் தன் முன்துடுப்பின் நகங்களால் துளை பறித்து மேலேறி, திட்டைக் குடைந்து அறை செய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவு நீருக்கடியில், கூரை பனி. வெளியே மைனஸ் இருபது என்றாலும் உள்ளே பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். நரிக்கும் காக்கைக்கும் எட்டாது. பனி போதாத குளிர்காலத்தில் குட்டி வெட்டவெளியில் வழுக்கும் பனிக்கட்டிமீது பிறந்து, காற்றில் விறைத்தோ நரி வாயிலோ போய்விடும். 2006, 2007 குளிர்காலங்களில் பனி குறைந்து பல குகைகள் சரிந்தன. குட்டிகள் ஏராளமாகச் செத்தன. கிழக்குப் பின்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள்: திட்டை நாம் செய்து வைத்தால் அது குடையுமா?

குடைந்தது. சோதனைகளுக்குப் பிறகு 2014ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் முதல்முறையாகப் பெரிய அளவில் செய்தார்கள். கிறிஸ்துமஸ் கழிந்தும் பனி விழாத ஆண்டு அது. இருநூற்றுக்கும் மேற்பட்ட திட்டுகளைத் தன்னார்வலர்கள் எழுப்பினார்கள். அந்த ஆண்டு கண்டறியப்பட்ட குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை மனிதக் கை குவித்த பனியில் பிறந்தவை.

நான் கலந்துகொண்டது பிந்திய ஒரு குளிர்காலத்தில். எங்கள் குழுவில் ஐந்து பேர், பயிற்சி பெற்ற ஒருவர் தலைமை. பழைய குகைகள் இருந்த இடங்களின் பட்டியல் அவரிடம் இருந்தது. வேறு யாருக்கும் அதைச் சொல்வதில்லை. பனிக்கட்டி எவ்வளவு தாங்கும் என்று துளையிட்டுப் பார்த்த பிறகே அடியெடுத்து வைத்தோம். ஏரிமேல் சில அங்குலப் பனிதான் இருந்தது. அதை அகலமான தள்ளிகளால் நாலாபுறமிருந்தும் ஒரு சிறு தீவின் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். ஏழெட்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம் வரும்வரை. அழுத்தி மிதிக்கக் கூடாது, கட்டியாக உறையும் பனியையும் போடக் கூடாது. கிடத்திவிட்டுப் போனால் ஓரிரு நாளில் தானே இறுகிவிடும். பார்த்தால் யாரோ வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன பனி மாதிரிதான் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒன்று. அன்று மாலை இருட்டுவதற்குள் மூன்று. இருட்டு என்பது இங்கே ஜனவரியில் பிற்பகல் நான்கு மணி.

பிறகு அந்தப் பக்கமே போகக் கூடாது. ஏப்ரலில் பனி சரிந்த பிறகுதான் வன அமைப்பான மெட்சாஹல்லிட்டுஸின் ஊழியர்களும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் குகைகளை எண்ணப் போவார்கள். கூரை இறங்கிய குழியின் ஓரத்தில் பனிக்கட்டியோடு உறைந்து ஒட்டிய சாம்பல் நிற மயிர் இருந்தால் அங்கே குட்டி பிறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்க்டிக் வளையக் கடல்நாயின் குட்டி வெண்மயிரோடு பிறக்கும். சைமாக் குட்டிக்குச் சாம்பல். நாங்கள் குவித்த மூன்றில் ஒன்றில் அந்த மயிர் இருந்ததாகத் தலைமை தாங்கியவர் தொலைபேசியில் சொன்னார். கேட்டதும் என்னால் சிறிது நேரம் பேச முடியவில்லை. இறந்த குட்டிகளைத் தேடுவதற்கும் மரபணு ஆய்வுக்காக நஞ்சுக்கொடித் துண்டுகளை எடுப்பதற்கும் முக்குளிப்பவர்கள் அந்தத் துளைகளுக்குள் இறங்குகிறார்கள். ஏப்ரல் மாதத்துச் சைமா நீரில் கையை நனைத்துப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று புரியும்.

பனியே இல்லாத குளிர்காலம் வந்தால் எதைக் குவிப்பது? அதற்குச் செயற்கைக் கூடுகளைச் செய்து கரையில் வைத்துப் பரிசோதிக்கிறார்கள். அதிலும் குட்டிகள் பிறந்திருக்கின்றன. நல்ல செய்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தேவைப்படும் செய்தி.

ஐநூறு விலங்குகளுக்காக இவ்வளவா என்று கேட்டீர்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு விலங்கு, இந்த ஒரே ஏரியில். அதற்குக் கேட்கப்பட்டது இரண்டரை மாதம் வலையை வீட்டில் வைப்பதும், சில நாள் பனி தள்ளுவதும், குளிர்காலத்தில் ஏரியின் மட்டத்தைச் சீராக வைப்பதும். அந்த விலை அதிகமில்லை என்றே நினைக்கிறேன். சொல்லப்போனால், விலை குறைவாக இருந்ததால்தான் இது வெற்றி பெற்றது. காரணமும் தெளிவு, பரிகாரமும் தெளிவு, செய்ய வேண்டியவர் கரையிலேயே இருக்கிறார். முகமும் உதவியது. பெரிய கண்களோடு பாறைமேல் படுத்திருக்கும் நோர்ப்பாவை யாருக்குத்தான் பிடிக்காது? உலக இயற்கை நிதியத்தின் பின்லாந்துக் கிளை 2016 முதல் வசந்தத்தில் ஒரு பாறையை நேரலையில் காட்டுகிறது. புல்லெர்வோ என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு கடல்நாய் மணிக்கணக்கில் தூங்கியதை அலுவலகத்தில் வேலைக்கு நடுவே திறந்து வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பாறையில் அது இல்லாத நாளில் ஊரே விசாரித்தது.

முகம் இல்லாதவற்றின் நிலை வேறு. கடல்நாயோடு சேர்ந்து ஏரிக்குள் சிறைப்பட்ட அந்தச் சால்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையிட ஆற்றின் வேகமான கல் படுகைக்குப் போக வேண்டும். கோயிதா ஆற்றின் நீரில் பெரும்பகுதியை 1955இல் பமிலோ மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். பியேலிஸ் ஆற்றில் கல்திமோ அணை 1958இல் வந்தது, கூர்னா 1971இல். முட்டையிடும் படுகைகள் போய்விட்டன. அன்றிலிருந்து இந்த மீன் பொரிப்பகத்தின் தொட்டிகளில் பிறந்து, வளர்த்து விடப்பட்டு, பிடிபட்டு, மறுபடி தொட்டிக்கு வருகிறது. ஏரியில் சால்மன் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம். அதன் இருப்பு தாதிகள் கையில் இருக்கிறது. இங்கே கேட்கப்படும் விலை மின்சாரம், அதனால் பதில் தாமதிக்கிறது.

தாமதிக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. சைமாவுக்குத் தென்கிழக்கே, லடோகாவை நோக்கி ஓடும் ஹீத்தோலா ஆற்றில் மூன்று பழைய சிறு மின்நிலையங்களை வாங்கி, அவற்றின் அணைகளை 2021, 2022, 2023 ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றினார்கள். நூறாண்டு அடைபட்டிருந்த இடம். முதல் அணை போன அதே இலையுதிர்காலத்திலேயே லடோகாச் சால்மன் ஏறிவந்து முட்டையிட்டது. மீன் வழியை மறக்கவில்லை.

இப்போது காடு. கேள்வியில் நான்கில் ஒன்றாகத்தான் இதைக் கேட்டிருந்தீர்கள். என் மனம் அதிகம் கிடந்து தவிப்பது இங்கேதான்.

பின்லாந்தின் நிலத்தில் முக்கால் பங்கு காடு. விமானத்திலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது, பச்சையும் நீலமும்தான். இறங்கி உள்ளே நடந்தால்தான் தெரியும்: ஒரே வயது மரங்கள், ஒரே உயரம், ஒரே இனம், தரையில் விழுந்து கிடக்கும் மரம் ஒன்றுகூட இல்லாத துப்புரவு. வெட்ட வளர்க்கும் காடு. இயற்கையான முதுகாட்டில் ஒரு ஹெக்டேருக்கு அறுபது முதல் நூறு கனமீட்டருக்கு மேலும் பட்ட மரம் கிடக்கும். நாட்டின் சராசரி ஆறு கனமீட்டர் அளவில்தான். இங்கே காட்டில் வாழும் உயிர்களில் நாலாயிரம் ஐயாயிரம் இனங்கள் பட்ட மரத்தை நம்பியே பிழைப்பவை: வண்டுகள், காளான்கள், பாசிகள். நமக்கு விறகாகத் தெரிவது அவற்றுக்கு ஊர். 2019இல் வெளிவந்த சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்கள் 2,667. அவற்றில் 833 இனங்களுக்கு முதன்மையான வாழிடம் காடு. இந்த 833க்கு நேரலை ஒளிபரப்பு கிடையாது.

பட்ட மரத்தின் அருமையை வெண்முதுகு மரங்கொத்தி நன்றாகக் காட்டும். அதற்கு வேண்டியது உளுத்த பிர்ச் மரமும் அதற்குள் கொழுத்த வண்டுப்புழுவும். சைமாவைச் சுற்றிய சாவோ, கரேலியா நிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் எரித்து விதைக்கும் விவசாயம் நடந்தது. நம் குறிஞ்சி நிலத்துப் புனம் போலத்தான்: காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் ரை என்ற தானியத்தை விதைத்து, சில ஆண்டு அறுத்து, விட்டுவிடுவார்கள். விட்ட புனத்தில் முதலில் எழும்புவது பிர்ச். அது வளர்ந்து மூத்து உளுத்தபோது மரங்கொத்திக்கு விருந்தானது. பிறகு புனம் நின்றது, பிர்ச்சை அகற்றி ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை நட்டார்கள், பட்டதையெல்லாம் விறகுக்கு எடுத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நாட்டில் எஞ்சியவை முப்பது இணை அளவுதான். பிர்ச் தோப்புகளைப் பாதுகாத்து, ஸ்ப்ரூஸை விலக்கி, சில மரங்களை வேண்டுமென்றே பட்டுப்போக விட்ட பிறகு இன்று சில நூறு இணைகளாகப் பெருகியிருக்கிறது. 1956இல் அமைந்த லின்னன்சாரி தேசியப் பூங்காவில் இன்றும் ஒரு பழைய பண்ணையில் புனம் எரிக்கிறார்கள். கருகிய மண்ணின் வாசனையோடு ஏரிக்காற்று வரும். காடு எரிவதைப் பார்த்து மகிழ்ந்த ஒரே இடம் எனக்கு அதுதான்.

இன்னொன்று, பறக்கும் அணில். இரவு விலங்கு, கண்ணில் படுவது அபூர்வம். அது இருக்கிறதா என்று பார்க்க ஏப்ரலில் பெரிய ஸ்ப்ரூஸ், ஆஸ்பென் மரங்களின் அடியில் மண்டியிட்டுத் தேட வேண்டும். மஞ்சள் தடவிய அரிசி போன்ற சிறு புழுக்கைகள் வேர்முடிச்சுகளுக்கு இடையே குவிந்து கிடக்கும். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு மூத்த ஆஸ்பென் அடியில் முதன்முதலில் அதைக் கண்டபோது, கோலப்பொடியில் மஞ்சள் கலந்து கொட்டிவிட்டார்களோ என்று தோன்றியது. அந்தச் சில மணிகளுக்குச் சட்டத்தில் எடை உண்டு. அது குட்டி போடும் மரத்தையும் அதைச் சுற்றிய சில மரங்களையும் வெட்டக் கூடாது. ஆனால் சில மரங்களை மட்டும் தீவு போல நிறுத்திச் சுற்றிலும் மொட்டையடித்தால் அணில் எங்கே தாவும்? வெட்டவெளி அகன்றுவிட்டால் அதற்கு மரத்திலிருந்து மரத்துக்கு வழியில்லை. சட்டம் மரத்தைக் காக்கிறது, காட்டைக் காப்பதில்லை என்ற என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது.

காட்டில் செய்வது ஏரிக்கு வராமல் போவதில்லை. மரம் நன்றாக வளர வேண்டும் என்பதற்காக இந்த நாட்டின் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ பாதியை, ஐம்பது லட்சம் ஹெக்டேர் அளவை, வாய்க்கால் வெட்டி வடித்தார்கள். பஞ்சு போல நீரைப் பிடித்து மெல்ல விட்டுக்கொண்டிருந்த கரிச்சேற்று நிலம் வாய்க்கால் வழியே வண்டலையும் மட்கையும் இறக்கியது. எத்தனையோ சிற்றேரிகள் கடும் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கின்றன. மீன் முட்டையிடும் சரளைக்கல்லின் இடுக்குகளில் அந்த வண்டல் அடைகிறது. வட கரேலியாவில் யுகா ஆறு என்ற சிற்றாற்றில் 2010இல் மேற்புறத்துக் கரிமண் சுரங்கத்திலிருந்து அமில நீர் இறங்கி மீன்கள் செத்து மிதந்தன. அடுத்த ஆண்டும் அதேதான். செல்கியே என்ற கிராமத்து மக்கள் விடவில்லை. சுரங்கம் நின்றது, அந்த லின்னுன்சுவோ சதுப்பை நீர் நிரப்பி மீட்டார்கள். இன்று வலசைப் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும் இடம் அது. அந்த வேலையை முன்னின்று நடத்தி, நாட்டில் பல சதுப்புகளுக்கும் விரிவாக்கிய தேரோ முஸ்தோனெனுக்கு 2023இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அவர் மீன்பிடித் தொழிலும் செய்பவர். வலை வீசத் தெரிந்த ஒருவர் வாய்க்காலை அடைக்கப் போனார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

காட்டில் அறுபது விழுக்காடு அளவு குடும்பங்களுக்குச் சொந்தம். ஆகவே 2008இல் தொடங்கிய மெட்சோ திட்டம் கட்டாயப்படுத்தாமல், விரும்பி முன்வருபவரின் காட்டைப் பணம் கொடுத்துப் பாதுகாக்கிறது. பாட்டன் நட்ட காட்டை வெட்டாமல் விட விரும்பும் பேரன் பேத்திகள் நிறையவே இருக்கிறார்கள். வரிசையில் நிற்கும் விருப்பத்துக்கு ஏற்ற நிதி ஆண்டுதோறும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடல்நாய் விஷயத்தில் ஊர் ஊராகப் போய்ப் பேசியது போல இங்கேயும் பேசலாம். பேசும் ஆள்கள் குறைவு.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் வாருங்கள். அப்போதுதான் நோர்ப்பா பழைய மயிரை உதிர்க்கப் பாறைமேல் ஏறிப் படுக்கிறது. ஹெல்சின்கியிலிருந்து ரயிலில் சவோன்லின்னா வரலாம். 1990இல் அமைந்த கோலோவேசி தேசியப் பூங்காவில் மோட்டார் படகுக்கு அனுமதியில்லை, துடுப்புப் படகுதான். அதையே தேர்ந்தெடுங்கள். மாலை நேரம் நல்லது, காற்றில்லாத நாள் இன்னும் நல்லது. தொலைநோக்கி கட்டாயம். நீரை ஒட்டிய உருண்டைப் பாறை ஒன்று கொஞ்சம் அதிகமாக உருண்டையாக இருந்தால் துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அது கண்மூடிப் படுத்திருந்தால் நீங்கள் இருக்கும் தூரம் சரி. தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் அருகே வந்துவிட்டீர்கள். சத்தமில்லாமல் படகைத் திருப்பிக்கொள்ளுங்கள்.